பின்னால் வருகிறவர்

சுக்கு திரும்பி வந்தபோது அவன் தலை நனைந்திருந்தது.

மழை இல்லை. ஐப்பசி வானம் மத்தியானத்திலிருந்து கறுத்துக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. பாறைகள் காய்ந்து கிடந்தன. சுபத்ரா குனிந்து அவனைத் தடவிப் பார்த்தாள். இரண்டு காதுகளுக்கும் நடுவிலிருந்து பின்கழுத்து வரை முடி ஈரத்தில் படிந்திருந்தது. கல்குட்டையில் இறங்கியிருந்தால் காலும் வயிறும் அல்லவா முதலில் நனைந்திருக்கும்? கால்கள் காய்ந்திருந்தன. வயிற்றில் மலைப்புழுதி அப்படியே ஒட்டியிருந்தது. தலை மட்டும்தான் ஈரம். யாரோ ஈரக்கையால் ஆசையாகத் தடவிவிட்ட மாதிரி.

அவன் அவள் முழங்காலை மூக்கால் ஒரு முட்டு முட்டினான். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வந்த வழியே பின்னால் ஓடினான்.

பின்னால் யாரும் இல்லை. பின்னால் வருகிறவர் போன மாதமே போய்விட்டார்.

சுக்குவின் இந்த வழக்கத்தை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. படப்பையில் ஒரு டயர் கடை வாசலில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி அவன். நிறத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் சுபத்ராவின் கணவர் சம்பந்தம். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்தவன் என்பதால் செல்லத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. மலை ஏறும்போது சுபத்ரா எப்போதும் முன்னால் போவாள். சம்பந்தம் பின்னால் வருவார். சுக்கு இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பான். முன்னால் வந்து அவளை ஒரு முட்டு, பின்னால் போய் அவரை ஒரு முட்டு. "ஆள் கணக்கு எடுக்கறான்டி. ஒருத்தர் குறைஞ்சாலும் விடமாட்டான்" என்பார் சம்பந்தம். அப்படி ஓடி ஓடியே, அவர்கள் ஒரு மலை ஏறினால் அவன் மூன்று மலை ஏறியிருப்பான்.

எத்தனை மலைகள்! பர்வதமலையில் கடப்பாறைப் படி வந்ததும் கால் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டவனை, முதுகுப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு ஏற்றிக்கொண்டு போனார் சம்பந்தம். பின்னால் வந்த பக்தர்கள் எல்லாம் அந்தத் தலைக்கு பிஸ்கட் ஊட்டினார்கள். ஏலகிரியில் கரடி என்று சுக்கு குரைத்த குரைப்பில், ஆமை மாதிரி நடக்கிற சம்பந்தம் அன்றைக்கு மட்டும் அவளையும் தாண்டி ஓடினார். கரடி, கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு தேன் எடுக்கிற ஆள். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம் சிரித்தார்கள்.

பெரிய மலைகளுக்குப் பழகிக்கொள்ளத்தான் பொழிச்சலூர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த மொட்டைமலை. மலை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டிய பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. ஆழம் யாருக்கும் தெரியாது. கோடை விடுமுறை வந்தால் குளிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவரை அது வைத்துக்கொள்ளும். போலீஸ் போர்டு வைப்பார்கள். அடுத்த கோடையில் போர்டும் இருக்காது, ஓர் ஆளும் இருக்க மாட்டான்.

பர்வதமலையில் விழாதவர், ஏலகிரியில் ஓடியவர், இந்தக் குட்டி மலையில்தான் போனார். குட்டையின் விளிம்புப் பாறை வரை ஏறிய சுபத்ரா, வழக்கம்போலத் திரும்பி, "ஏங்க, வாங்க!" என்று கூப்பிட்டாள். மூச்சு வாங்குவதால் அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடிப்பார், ஒன்று நீளம், ஒன்று குட்டை. வருகிறேன் என்று அர்த்தம். அன்றைக்கு விசில் வரவில்லை. அதைவிட, கணக்கெடுக்க சுக்கு வரவில்லை. அதில்தான் அவளுக்குத் தெரிந்தது. இறங்கி ஓடிப் பார்த்தபோது ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார். சுக்கு அவர் முழங்காலை முட்டிக்கொண்டே இருந்தான்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது நாத்தனார் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அண்ணி, சாவு விழுந்த வீடு. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது, மறந்துடாதீங்க." சுபத்ரா தலையாட்டினாள். அது சாமி இருக்கிற மலைக்குத்தானே, மொட்டைமலையில் ஒரு வேல்கூட நடவில்லையே என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதவுப் பக்கமே முகத்தை வைத்துப் படுத்துக்கிடந்த சுக்குவைப் பார்க்கச் சகிக்கவில்லை. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். ஒரு தடவை மேலே கூட்டிப்போய் அவர் அங்கேயும் இல்லை என்று காட்டிவிட்டால் மனசு ஆறிவிடும், அவனுக்கு. அவளுக்கும்தான்.

ஏறும்போது சுக்கு பின்னால் பின்னால் ஓடித்தான் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். எங்கே என்று கேட்கிற பார்வை. விளிம்புப் பாறைக்கு வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பாறையில் நின்று செய்ததையே வாய் தானாகச் செய்தது.

"ஏங்க! வாங்க! இருட்டப் போகுது, வாங்க!"

குரல் குட்டையின் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது. விசில் வரவில்லை. ஆனால் சுக்குவின் காது நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சலாகப் பின்னால் ஓடினான். திரும்பி வந்தபோதுதான் தலை நனைந்திருந்தது. வாலும் ஆடியது.

சுபத்ரா பாறையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை. வந்துவிட்டார் என்றுதான் அழுதாள். செத்தவர்களுக்கு விசில் அடிக்க மூச்சு ஏது? வந்ததே போதும். முட்டி எண்ணுவதற்கு சுக்குவுக்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

அவள் இறங்க ஆரம்பித்தாள். மெதுவாகவே இறங்கினாள். வாழ்நாளில் ஒரு தடவையாவது அவருக்காக நின்று நடந்திருக்கலாம் என்று இந்த மாதம் முழுக்க நினைத்திருக்கிறாள். சுக்கு பின்னால் போனான். காய்ந்த தர்ப்பைப் புல்லின் வாசனையோடு வேறொன்றும் காற்றில் வந்தது, பாசி பிடித்த தொட்டியைக் கழுவும்போது வருகிற வாசனை. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது. அது போகும்வரை உலகத்தில் வேறு சத்தம் இல்லை. போன பிறகு, பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கம், பாறையில் கால் வைக்கிற சத்தம் கேட்டது.

சப். சப். சப்.

நெஞ்சு நிறைந்துபோயிற்று. "பார்த்து வாங்க, அங்கே சரளை" என்றாள், திரும்பாமல். திரும்பினால் போய்விடுவாரோ என்று பயம். சுக்கு வந்து முட்டினான். ஈரம் இப்போது தோளுக்கும் இறங்கியிருந்தது. பின்னால் ஓடினான். அடுத்த விமானம் வருவதற்குள் திரும்பி வந்துவிட்டான். முதலில் போனதைவிட சீக்கிரம். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம். பின்னால் வருகிறவர் நெருங்குகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சம்பந்தம் ஒருநாளும் அப்படி வேகமாக நடந்தவர் இல்லையே என்று ஓரமாக ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. உடம்பின் பாரம் போய்விட்டதல்லவா என்று அதை உட்கார வைத்தாள்.

அடிவாரத்தில் தையல்நாயகியின் டீக்கடை. மலையடி ஊரில் பிறந்து வளர்ந்தவள், சுபத்ரா வயதுதான் இருக்கும், நாலு ஆடும் வைத்திருக்கிறாள். சம்பந்தம் இருந்த காலத்தில் இந்தப் பெஞ்சில்தான் அவர்கள் டீ குடிப்பார்கள். அப்போது ஒருநாள் அவள் சுபத்ராவைக் கிண்டல் செய்தது ஞாபகம் இருக்கிறது.

"இன்னாக்கா, எப்பப் பாரு மொட்டையா வாங்க வாங்கன்னு கூவற? அந்தக் குட்டையாண்ட நாங்க ஆட்டக்கூட பேரு சொல்லித்தான் கூப்புடுவோம். பேரில்லாம கூப்ட்டா யாரு வேணா வருவாங்க."

"அப்படிச் சொல்லுங்கம்மா" என்று சம்பந்தம் குதூகலமாகிவிட்டார். "கல்யாணம் ஆன நாளா கெஞ்சறேன், ஒரு தடவை பேரைச் சொல்லேன்னு. பேருன்னு ஒண்ணு எதுக்கு வெச்சாங்க?"

"புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு எங்க அம்மா சொல்லுவாங்க" என்றாள் சுபத்ரா.

"எந்தக் காலத்துல இருக்க நீ?" என்று அவர் சிரித்தார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரெல்லாம் புருஷனை டேய் போட்டுக் கூப்பிடுகிற இந்தக் காலத்தில், பேங்க் பாரத்தில்கூட எழுதிக் காட்டுவாளே தவிர வாயால் சொன்னதில்லை.

இன்று தையல்நாயகி டீ போடவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தனியாவாக்கா போன?"

"சுக்கு வந்தானே."

"அதான் பாக்கறேன். உன் நாயி அங்க இன்னா பண்ணிகினு கீது?"

சுபத்ரா அப்போதுதான் திரும்பினாள். வேப்ப மரத்தடியில் பாதை காலியாகக் கிடந்தது. சுக்கு அதில் நின்று மூக்கை உயர்த்தி எதையோ முட்டினான். இரண்டடி தள்ளிப் போனான். மறுபடி முட்டினான். இன்னும் இரண்டடி.

"அவரைத் தேடறான்" என்றாள் சுபத்ரா.

"தேடறாப்பல தெர்லியே. ஒவ்வொருத்தரா பாத்துகினு வராப்பல கீது." தையல்நாயகி குரலை இறக்கினாள். "மேல யாரையாச்சும் கூப்ட்டியா?"

"இல்லையே."

ஏன் பொய் சொன்னாள்? கூப்பிட்டேன் என்றால் திருப்பி அனுப்பு என்பாள். எலுமிச்சம்பழம், கற்பூரம் என்று ஏதாவது செய்யச் சொல்வாள். ஒரு தடவை அனுப்பியது போதாதா? தையல்நாயகி வேறு ஒன்றும் கேட்காமல், கொதித்துக்கொண்டிருந்த பாலை அப்படியே இறக்கிவைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

வீட்டு வாசலில் கீழ்வீட்டு பரிதா குடும்பத்தோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். கீழ்க்கட்டளையில் கல்யாணமாம், நாளைக்குத்தான் வருவார்களாம். "பிரியாணி எடுத்துட்டு வரேன் சுபத்ரா, ஒழுங்கா சாப்பிடு" என்று கன்னத்தைத் தொட்டவள், படிக்கட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். "இதென்ன, மேல போற படியெல்லாம் தண்ணி? டேங்க் வழியுதா?"

"நான் பார்த்துக்கறேன் அக்கா."

கார் தெருமுனை திரும்பியதும் வீடு வெறிச்சென்றாகிவிட்டது. சுபத்ரா இன்னும் ஒரு படிகூட ஏறவில்லை. படிகள் அவளுக்கு முன்பே நனைந்திருந்தன.

மேலே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் ஒதுங்கி நின்றாள். இரண்டாவது தவறையும் ஆசை ஆசையாகத்தான் செய்தாள்.

"உள்ள வாங்க."

பாசி வாசனை அவளைத் தாண்டி உள்ளே போனது. சுக்கு ஓடிப்போய் சம்பந்தத்தின் பிரம்பு நாற்காலி அருகே உட்கார்ந்து தலையை நிமிர்த்தினான். அவன் காது மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. தடவுகிறார். சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் காபி கலந்தாள். அவருக்குச் சர்க்கரை கம்மி. அளவு தப்பவில்லை. கலந்துகொண்டே பேசினாள். நாத்தனார் வந்து அழுததை, ஆபீஸில் கையெழுத்து வாங்கப் பட்ட பாட்டை, ராத்திரியில் அவர் பக்கத்துத் தலையணையை எடுக்க மனசு வராததை. "நீங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலைங்க" என்றாள். சொல்லிவிட்டதும் நெஞ்சு லேசானது. ஹாலுக்கு வந்து டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்தாள்.

சுக்கு நாற்காலியை விட்டு எழுந்தான்.

நாற்காலிக்குப் பின்னால் போய், அங்கே வெறும் காற்றை ஒரு முட்டு முட்டினான். பிறகு ஜன்னல் ஓரம் போய் ஒரு முட்டு. பீரோ அருகே ஒன்று. அங்கே தலையைத் தாழ்த்தித்தான் முட்டினான், அது உயரம் குறைவு. பாத்ரூம் வாசலில் ஒன்று. படுக்கையறைக்குள் போனான். உள்ளே அவன் நகங்கள் தரையில் படுகிற சத்தம் கேட்டது. நின்றது. நடந்தது. நின்றது. நடந்தது. நின்றது.

கணக்கு முடியவே இல்லை.

வெளியே வந்தபோது அவன் முழுக்க நனைந்திருந்தான். வால் ஆடவில்லை. கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தான். அவள் காலோடு வந்து ஒட்டிக்கொண்டான். அவன் உடம்பு நடுங்குவது அவள் எலும்பு வரை தெரிந்தது.

பேரில்லாம கூப்ட்டா யாரு வேணா வருவாங்க.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பாறையில் கேட்ட சத்தம். சப், சப் என்று வெறும் பாதம். சம்பந்தம் ஷூ இல்லாமல் வாசல்படியைக்கூடத் தாண்ட மாட்டார்.

"ஏங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது. "நீங்கதானே?"

எங்கோ சொட்டுகிற சத்தம். நாற்காலியிலிருந்து. ஜன்னலிலிருந்து. பீரோவிலிருந்து. எல்லாம் நிதானமாக.

"ஒரு விசில் அடிங்க. ஒண்ணே ஒண்ணு."

சொட்டு. சொட்டு.

ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னாள். இருபது வருஷம் வாயைக் கட்டிக் காத்த ஆயுசு ஒரு பாறையில் சாய்ந்து முடிந்துபோயிற்று. இனிக் குறைய என்ன இருக்கிறது? அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சம்பந்தம்."

வாய்க்கே புதிதாக இருந்தது. மறுபடி சொன்னாள், கொஞ்சம் உரக்க. "சம்பந்தம்! வாங்க!"

சொட்டுகிற சத்தம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, இருட்டிக்கொண்டிருந்த மலையின் உச்சியிலிருந்து கேட்டது. ரொம்பத் தொலைவு. மூச்சு வாங்க வாங்க.

நீளமாக ஒரு விசில். குட்டையாக ஒன்று.

அவர் அங்கேயே இருந்திருக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று.

சுக்கு காதை நிமிர்த்தினான். ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். திறந்திருந்த கதவு வழியே பாய்ந்தான். படியில் நகச் சத்தம் தடதடவென்று இறங்கியது. தெருவில் ஒரு குரைப்பு. கேட்டதெல்லாம் அதுதான், அவனுடைய சந்தோஷக் குரைப்பு. அவரை எண்ணப் போய்விட்டான்.

"சுக்கு, இரு—"

கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. மெதுவாக, ஒரு வீட்டுக்காரர் சாத்துகிற மாதிரி.

டியூப்லைட் வெளிச்சத்தில் மொசைக் தரை பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியடியில் இரண்டு ஈரப் பாதங்கள். ஜன்னல் ஓரம் இரண்டு. பீரோ அருகே இரண்டு, சின்னவை. பாத்ரூம் வாசல். படுக்கையறை வாசல். கதவருகே. விரல்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அத்தனை விரல்களும் அவளைப் பார்த்திருந்தன.

மலைமேல் மறுபடி விசில் கேட்டது. வருகிறேன் என்று. ஒரு சரளை உருண்டிருக்கும், ஒரு பாறையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியிருப்பார். நிச்சயம் வருவார். ஆனால் அவர் எப்போதுமே மெதுவாகத்தான் வருவார்.

"சீக்கிரம் வாங்க" என்று சுபத்ரா முனகினாள்.

தரையில், எல்லாப் பாதங்களுக்கும் முன்னால், ஓர் அடி தள்ளி, புதிய ஈரம் பதிந்தது.